சனிக்கிழமைதோறும் ஏறும் வீடுகள்

நெசவாம்பாளையம் கிணற்றுக்காட்டு வீதியில் வீடுகள் ஏறத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பனியன் கம்பெனிகளில் சம்பளம் போட்டு முடிந்த நேரத்தில். வாரச் சம்பளம் வாங்குகிற ஊரில் எது நடந்தாலும் சனிக்கிழமைதான் நடக்கும். புதுச் சேலை, கறிக்குழம்பு, மச்சான் தகராறு, சாக்கடையில் விழுந்து கிடப்பது எல்லாமே அன்றைக்குத்தான் என்பதால், வீடு ஏறியதும் அதே கிழமையில் என்பது யாருக்கும் பெரிய அதிசயமாகப் படவில்லை. தெய்வானை அப்போது அடுப்பில் பால் வைத்திருந்தாள். பால் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்து அடுப்பை அணைத்தது, தரைக்கடியில் யாரோ பீரோவை நகர்த்துவது மாதிரி ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால் வாசல்படிக்கும் வீதிக்கும் நடுவே அரை விரல் இடைவெளி, அந்த இடைவெளியைத் தாண்டத் தெரியாமல் எறும்புச் சாரி ஒன்று அறுந்து நின்றது. ஒட்டிய வீடான ரத்தினத்தின் வாசல் மூன்று விரல் ஏறியிருந்தது. எதிர்வீட்டு மாகாளியின் வாசல் மட்டும் இரண்டு விரல் கீழே போயிருந்தது, அந்த வாரம் அவர் வேலை பார்த்த சாயப்பட்டறை மூடிக் கிடந்தது.

ஏன் என்று கேட்டவர்கள் இரண்டு வாரம் கேட்டார்கள். வீதிக்குப் பேர் கொடுத்த பழைய கிணற்றைச் சரியாக மூடவில்லை என்றார் ஒருத்தர், மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டாமல் விட்ட குற்றம் என்றார் இன்னொருத்தர், கம்பெனியில் ஓடுகிற ஆயிரம் தையல் மிஷினின் அதிர்வுதான் என்று படித்த பையன்கள் சொன்னார்கள். மூன்றாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். வந்த சம்பளத்துக்குத் தக்க ஏற்றம் என்பதை எல்லாரும் உள்ளூரப் புரிந்துகொண்டிருந்தார்கள், வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வாரம் ஏறாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

தெய்வானைக்கு வீடு ஏறியதைவிட ரத்தினத்தின் வாசல் இரண்டரை விரல் கூட ஏறியதுதான் மனதில் தைத்தது, தைத்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டு பேரும் மழை பொய்த்த ஒரே வருஷம் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவர்கள், ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் பனியனுக்குக் கழுத்துப் பட்டி தைத்தவர்கள், ஒரே லைன் வீட்டில் ஒட்டியொட்டிக் குடிவந்து பிறகு அதையே ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டவர்கள். நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம் ஒன்று இரண்டு பக்கமும் திறந்து இருந்தது, அதன் வழியாகத்தான் குழம்பும் கதையும் போய்வரும். முதல் சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதிக்குப் பாதி போட்டு அவர்கள் வாங்கிய, கைப்பிடியும் மூடியும் வைத்த எவர்சில்வர் தூக்குப்போசியில் கடைக்காரரிடம் சொல்லி இரண்டு பேர் எழுத்தையும் வெட்டியிருந்தார்கள். போசி யாருக்கும் சொந்தமில்லை, கடைசியாக எந்த வீட்டுக்குப் போனதோ அந்த வீட்டில் இருக்கும். ஒரே ஒரு சட்டம்: போசி வெறுமையாகத் திரும்பக் கூடாது. இரண்டு பேர் அம்மாக்களும் பிறந்த ஊரில் கண்ணும் கருத்துமாகக் காத்த சட்டம் அது, வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது உள்ளே போட்டுத்தான் மூடியைப் போட வேண்டும்.

பிறகு ரத்தினத்தின் வீட்டுக்காரர் அர்த்தநாரி நான்கு மிஷினை வாங்கிப் போட்டுச் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தார், நான்கு நாற்பதாயிற்று, ரத்தினம் கம்பெனிக்கு வருவதை நிறுத்தினாள். தெய்வானையும் அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலுவும் இருந்த இடத்திலேயே இருந்து நேர்மையாகத் தைத்தும் வெட்டியும் வந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் கூலி கூடத்தான் செய்தது. பொய் சொல்லக் கூடாது.

ஊர் இதற்குப் பழகியது, பழகியது, பழகிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு யாரும் அடுப்பில் பால் வைப்பதில்லை, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதில்லை, அம்மிக்கல்லை ஓரத்தில் வைப்பதில்லை. முக்கியமாக அந்தக் கால் மணி நேரம் யாரும் படியில் கால் வைப்பதில்லை, ஏனென்றால் வீடு ஏறும்போது படிவரிசை அடியோடு பிய்ந்துகொண்டு ஆடும், முதல் வருஷமே மூன்று பேர் விழுந்து இடுப்பொடிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் படி மேஸ்திரி என்ற புதுத் தொழிலாளி சட்டியும் கரண்டியுமாக வந்து, அவரவர் ஏறிய அளவுக்கு அடியில் சிமெண்டு பூசிவிட்டுப் போவார். தபால்காரர் கீழே நின்று பெயரைக் கத்துவார். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு படிக்கணக்கும் கொண்டுவந்தார். மேல்வீட்டுப் பிள்ளைகளின் பந்து கீழே விழுந்தால் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு, கீழ்வீட்டுப் பந்து மேலே போனதாகச் சரித்திரம் இல்லை. மாகாளி வீடு இறங்கி இறங்கி, கடைசியில் அவர் தலை மட்டும் வீதி மட்டத்தில் தெரிய, வாசலில் நின்றபடியே போகிறவர் வருகிறவரின் செருப்பைப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிடுகிற திறமையை அடைந்தார். ஊரார் அவருக்கு ஓர் ஏணி வாங்கிக் கொடுத்தார்கள், பொங்கலுக்கு அதற்குப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்கள், அத்தோடு கடமை முடிந்ததென்று நினைத்தார்கள்.

எவ்வளவு ஏறினோம் என்று தெரிந்துகொள்ளாமல் யாரால் இருக்க முடியும்? தன் சுவரில் கோடு போட்டால் கோடும் கூடவே ஏறிவிடும். அதனால் கிணற்றுக்காட்டு வீதிக்காரர்கள் எல்லாரும் ஒருமனதாக ஒரு காரியம் செய்தார்கள். அடுப்புக்கரியை எடுத்து, தங்கள் வாசல் மட்டத்துக்கு நேராகப் பக்கத்து வீட்டோடு சேர்ந்து எழும்பி நிற்கிற அடிமண்ணில் கோடு போட்டார்கள். பக்கத்து வீடு என்றால் கைக்கெட்டுகிற வீடு என்பதில்லை, தன்னைவிட உசந்த பக்கத்து வீடு. மாகாளி வீட்டில் கோடு போட ஒருத்தரும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை கோடு வாசலுக்குக் கீழே போயிருந்தால் நாம் ஏறியிருக்கிறோம், மேலே போயிருந்தால் இறங்கியிருக்கிறோம் என்பது கணக்கு. வீதி முழுக்கக் கோடுகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. வீடு வீடாக இறங்கிவிட்டோம் இறங்கிவிட்டோம் என்று புலம்பல் கேட்டது, புலம்பியவர்கள் எல்லாரும் படி மேஸ்திரிக்குப் புதுப் படிக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

நான்காம் வருஷத்தில் ஒரு சனிக்கிழமை பொதுச்சுவர் போயிற்று. அதுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் விரிசல் விட்டும் பொறுத்தும் நின்ற சுவர், அன்றைக்கு யோசிக்கிற ஆள் மாதிரி சற்று நேரம் கிறீச்சிட்டுவிட்டு, ரத்தினத்தின் வீட்டோடு போய்விட்டது. தெய்வானை வீட்டுக்கு மூன்று சுவர்தான் மிச்சம். நான்காவது பக்கத்தில் தார்ப்பாய் கட்டினாள், பிறகு தார்ப்பாய்க்குத் தேவையில்லாமல் ரத்தினத்தின் வீட்டடி செம்மண்ணே சுவராக எழும்பி நின்றது. அதில் மண்புழு நெளியும், மழைக்காலத்தில் ஈரம் கசியும், காலை வெயில் பதினொரு மணிக்குத்தான் வாசலுக்கு வரும், துவைத்த துணி இரண்டு நாள் காயும். மாடம் மேலே போய்விட்டது. அண்ணாந்து பார்த்தால் கையகல இருட்டாகத் தெரியும், அதன் வழியாக ரத்தினம் கயிற்றைக் கட்டிப் போசியை இறக்குவாள். உள்ளே பிரியாணி இருக்கும், முந்திரி பர்பி இருக்கும், வெளியூர்ச் சாக்லேட்டு இருக்கும். தெய்வானை அதில் கொள்ளுப் பருப்போ அரிசிம்பருப்புச் சோறோ போட்டுத் திருப்பி அனுப்புவாள். கீழே நின்று இரண்டு கையையும் ஏந்திப் போசியைப் பிடிக்கும்போது கழுத்து வலிக்கும். ஆறாம் வருஷத்தில் அப்படி ஏந்தி நின்றபோது, "அக்கா, கயிறு எட்டுதுங்களா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. அதுவரை நீ, வா, போ என்றுதான் பேச்சு. ரத்தினமும் அதைத் திருத்தவில்லை, தூரத்தில் கேட்டிருக்காது என்று தெய்வானை சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏழாம் வருஷம் இரண்டு பேர் வந்து அவளை நன்றாகக் குழப்பிவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவர் நகராட்சி அளவைக்காரர். முக்காலியை விரித்து அதன்மேல் ஒரு குழாயை வைத்து, ரயில் நிலையத்து மட்டக்கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்து, தெய்வானை வீடு பன்னிரண்டு அடி ஏறியிருக்கிறது என்று சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினார். நல்ல சேதி என்று சொல்லிக் கைகுலுக்கவும் செய்தார். அவள் அவரை உள்ளே கூட்டிப்போய்ச் செம்மண் சுவரில் தான் போட்ட முதல் கோட்டைக் காட்டினாள், அது அண்ணாந்தாலும் தெரியாத உயரத்துக்குப் போயிருந்தது. இறங்கியல்லவா இருக்கிறோம் என்று கேட்டாள். அவர் கோட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், இரண்டும் சரிதான் என்றார். டீக்கடையில் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டபோது இன்னும் சிக்கலாகச் சொன்னார். நம் ஊர் மொத்தமாகவே ஒரு மேடாக எழும்பிக்கொண்டிருக்கிறது, கடலுக்கு அக்கரையில் ஏற்கெனவே மலையாக இருக்கிற ஊர்களுக்கும் நமக்கும் இருந்த பள்ளம் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் நம் ஊருக்குள் வீட்டுக்கும் வீட்டுக்கும் பள்ளம் கூடிக்கொண்டே போகிறது, அக்கரை ஊர்களுக்குள்ளும் அப்படித்தான் என்று கேள்வி. அப்படியானால் மொத்தத்தில் உலகம் மட்டமாகிறதா, மேடுபள்ளமாகிறதா என்று குழந்தைவேலு கேட்டார். அளவைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்காலியை எங்கே ஊன்றுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போனார். அன்றிலிருந்து டீக்கடையில் சீட்டுக் கட்சி, கோட்டுக் கட்சி என்று இரண்டு கட்சி.

அடுத்து வந்தவர் தையல் தரம் பார்க்க வந்த வெள்ளைக்காரர். கம்பெனியில் பார்த்து முடித்துவிட்டு, ஏறுகிற வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று மொழிபெயர்க்கிற பையனோடு வீதிக்கு வந்தவர், எல்லாரும் எதிர்பார்த்தபடி அர்த்தநாரியின் வீட்டை அண்ணாந்து பார்க்காமல் தெய்வானை வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஊரில், பாட்டனார் காலத்தில் நாலைந்து மாளிகைகள் மேகத்தில் இருந்ததாம், மற்றவரெல்லாம் குழிக்குள்ளாம். இரண்டு பெரிய யுத்தம் வந்து மாளிகைகள் சரிந்து குழிகள் நிரம்பி, அவர் அப்பா காலத்தில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் காலைத் தூக்காமலே நடக்கலாமாம். அவர் பள்ளிக்கூடம் போகும்போது மறுபடி மாளிகைகள் ஏற ஆரம்பித்தனவாம். இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் தெய்வானையின் வாசல்படியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. என் வீடு முப்பது வருஷமாக ஒரு விரல்கூட அசையவில்லை, உங்கள் வீடு ஏறிக்கொண்டே இருக்கிறதே என்று சொன்னார் என்று பையன் சொன்னான். அந்த முகத்தில் இருந்தது பொறாமை என்பது தெய்வானைக்குப் புரிய இரண்டு நாளாயிற்று. பொறாமைப்படுகிற மாதிரி தான் வாழ்கிறோமா என்று யோசித்து யோசித்து, தைக்கிற கழுத்துப் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்துத் திட்டு வாங்கினாள்.

இந்தக் குழப்பத்தோடு அவள் பாட்டுக்கு வாழ்ந்திருப்பாள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் இருந்திருந்தால். கீழே, பிறந்த ஊரான கல்லாங்காட்டில் இருந்த தங்கை சிவகாமி போன் பண்ணினாள். கல்லாங்காட்டில் வீடுகள் ஏறவுமில்லை இறங்கவுமில்லை, மழையும் சரியாக இல்லை. சிவகாமிக்கு இருந்ததெல்லாம் ஆறு வெள்ளாடு. அதை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு நெசவாம்பாளையத்துக்கு வந்துவிடலாமா என்பதுதான் கேள்வி. விற்றால் திரும்ப முடியாது, ஆடு போன வீட்டுக்கு ஆடு திரும்பி வராது. ஆட்டு வியாபாரி முன்பணத்தோடு வருகிற நாளையும் சொல்லிவிட்டான்.

"நீ ஒரே வார்த்தையில சொல்லீரு அக்கா," என்றாள் சிவகாமி. "அங்க வந்தா ஏறுவமா, எறங்குவமா? நீ சொல்றதத்தான் நானு கேப்பேன்."

தெய்வானை போனைக் காதில் வைத்தபடி முன்கதவுக்குப் போனாள், சீட்டைப் பார்த்தாள். பின்னால் செம்மண் சுவருக்கு வந்தாள், அண்ணாந்து பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். தங்கை வாழ்வதும் கெடுவதும் தன் ஒரு வார்த்தையில் தொங்கியது, அவளுக்கு அந்த வார்த்தை எது என்பதோ தெரியவே இல்லை.

ரத்தினத்தைக் கேட்டால் தெரியும் என்று நினைத்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு ஊர் முழுக்கத் தெரியுமே. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து கொள்ளுப் பருப்புக் கடைந்து, போசியில் ஊற்றி மூடி, கயிற்றில் அனுப்பாமல் கையில் எடுத்துக்கொண்டு நூற்று ஐம்பத்திரண்டு படி ஏறினாள். எண்பதாவது படியில் மூச்சு வாங்கியது, நூறாவது படியில் காற்று மாறியது, மேலே போனால் வெயில் இன்னும் இருந்தது. அங்கே துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எதற்கென்றே தெரியாமல் அழுகை வந்தது.

ரத்தினம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் எதிரே எழும்பி நின்ற ஏற்றுமதி முதலாளி வீட்டுப் பாறையைப் பார்த்து இருந்தது. அந்த வீட்டின் உச்சியை யாரும் பார்த்ததில்லை, அடிப்பாகம்தான் தெரியும், ஊருக்கு மழை வருவதற்கு முந்தின நாளே அங்கே மழை பெய்துவிடும். பாறையில் ரத்தினம் போட்ட கரிக்கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போய் மறைந்திருந்தன. அவளும் இளைத்துத்தான் போயிருந்தாள். தெய்வானை தங்கையின் கேள்வியைச் சொன்னாள், ஆட்டையும் சொன்னாள், வியாபாரி வருகிற நாளையும் சொன்னாள். ரத்தினம் கேட்டுக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

"என்னையப் போயி கேக்கறயே தெய்வா," என்றாள் கடைசியில். "நாங்களே எறங்கீட்டுத்தான இருக்கறோம். அதா பாரு, போன ஆடிக்குப் போட்ட கோடு. தலைக்கு மேல போயிருச்சு."

தெய்வானைக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. அந்தப் பாறைக்கு மேலே இருக்கிற முதலாளியும் சாயங்காலமானால் தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துப் பெருமூச்சு விடுவதாக அவர் வீட்டுச் சமையல்காரம்மா சொல்லக் கேள்வி என்று ரத்தினமே சொன்னாள். அதற்குள் கீழிருந்து அர்த்தநாரி கூப்பிட்டார், விருந்தாளிகள் வருகிற நேரமாம். ரத்தினம் அவசரமாக எழுந்து, பருப்பை அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, போசியைக் குழாயில் காட்டி அலசி, மூடியைப் போட்டுத் தெய்வானை கையில் கொடுத்தாள். பத்திரமாகப் படி இறங்கு என்றாள்.

இறங்கும்போதுதான் சத்தம் கேட்டது. உள்ளே ஏதாவது இருந்தால் போசியின் மூடி அழுந்தி உட்கார்ந்து சத்தமில்லாமல் வரும், ஒன்றுமில்லாவிட்டால்தான் ஒவ்வொரு படிக்கும் டக், டக் என்று தட்டும். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகப் போசி வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நூற்று ஐம்பத்திரண்டு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கினாள். வீட்டுக்கு வந்து போசியைப் பரணில் கவிழ்த்து வைத்தாள், ஏன் என்று கேட்ட குழந்தைவேலுவிடம் ஒன்றுமில்லை என்றாள். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை, மறதிதான், வேண்டுமென்று செய்யவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்றும் தோன்றியது.

நேரில் வந்து பார்த்து நீயே முடிவு பண்ணிக்கொள் என்று தங்கைக்குப் போனில் சொன்னாள். சிவகாமி மறுநாளே, சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். முன்பெல்லாம் சமதரையில் வருகிற பஸ் இப்போது இரண்டாம் கியரில் முக்கி முனகி மேடேறி வருவதால் மத்தியானம் ஆகிவிட்டது. இருபது படியும் ஏறி வாசலுக்கு வந்தவள், உள்ளே வராமல் திரும்பி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே ஊரைத் தாண்டிக் காடும், காட்டைத் தாண்டி ஒரு பொட்டாகக் கல்லாங்காட்டுக் கோயில் கோபுரமும் தெரிந்தன. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்று தெய்வானைக்குத் தோன்றியதே இல்லை. இவ்வளவு உசரத்தில் இருக்கிறாயே அக்கா, ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே என்று சிவகாமி சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. சிவகாமி தன் வீட்டுத் தூக்குப்போசியில் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள், மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் வீடு முழுக்க மணந்தது.

அரைநாள் லீவு சொல்லியிருந்த தெய்வானை மத்தியானம் முழுக்கத் தங்கைக்குத் தன் தாழ்வை விளக்கினாள். செம்மண் சுவரைக் காட்டினாள், காயாத துணியைக் காட்டினாள், மண்புழுவைக் காட்டினாள், அண்ணாந்து பார்க்கவைத்து மாடத்தைக் காட்டினாள். ரத்தினம் வெறும் போசியைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும்போது அழுதேவிட்டாள். சிவகாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஆனால் அவள் கண் ஃபேனையும் கேஸ் அடுப்பையும் குளிர்பெட்டியையும் சுற்றிச் சுற்றி வந்தது. ஆட்டைப் பற்றி அக்கா ஏதாவது சொல்வாள் என்று அவள் காத்திருந்தது தெய்வானைக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் இன்னும் ஒரு குறை ஞாபகம் வந்தது, அதைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

மணி ஐந்தே முக்கால் ஆனதை யாரும் கவனிக்கவில்லை. கல்லாங்காட்டுக்கு ஆறேகாலுக்குக் கடைசி பஸ். ஆறு மணிக்கு வீடு ஏறிவிடும், அதற்கு முன்னால் படி இறங்கியாக வேண்டும். ஐயோ நேரமாயிற்றே என்று தெய்வானை அலறிப் புடைத்து எழுந்து, அம்மிக்கல்லை நகர்த்தி, அடுப்பை அணைத்து, கச்சாயத்தை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, போசியைக் குழாயில் காட்டி அலசி, மூடியைப் போட்டுத் தங்கை கையில் கொடுத்தாள். பத்திரமாகப் படி இறங்கு என்றாள்.

சிவகாமி இறங்கினாள். டக், டக், டக் என்று சத்தம் கேட்டது.

தெய்வானை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஐந்தாவது படிவரை அது என்ன சத்தம் என்று யோசித்தாள், பத்தாவது படியில் தெரிந்தது. உள்ளே ஓடினாள், சர்க்கரை டப்பா எங்கே வைத்தோம் என்று தடுமாறினாள், மூடி திறக்கவில்லை, பல்லால் கடித்துத் திறந்து கைநிறைய அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தரைக்கடியில் பீரோ நகர்கிற முனகல் தொடங்கியிருந்தது. படிவரிசை அடியோடு பிய்ந்துகொண்டு ஆடியது. கீழே வீதியில் சிவகாமி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போசியத் தொற சாமி," என்று கத்தினாள் தெய்வானை. "மூடியத் தொறந்து ஏந்திப் புடி."

சிவகாமிக்கு முதலில் புரியவில்லை, பிறகு மூடியைத் திறந்து இரண்டு கையாலும் போசியைத் தலைக்கு மேலே ஏந்தினாள். தெய்வானை வாசலில் முட்டி போட்டுக் குனிந்து, கையை முடிந்தமட்டும் நீட்டி, விரலைத் திறந்தாள். பதின்மூன்று அடி உயரத்திலிருந்து சர்க்கரை விழுந்தது. மேட்டு ஊரில் சாயங்காலம் எப்போதும் காற்றடிக்கும். பாதியைக் காற்று கொண்டுபோயிற்று, கொஞ்சம் சிவகாமியின் முகத்திலும் கண்ணிலும் விழுந்தது, போசிக்குள் நாலைந்து பொடி விழுந்திருந்தால் அதிகம். கழுத்தை அண்ணாந்து, கையை ஏந்தி, கண்ணைச் சுருக்கி நின்ற அந்த நிற்பைத் தெய்வானை பார்த்தாள். தான் கீழே நின்று போசியைப் பிடிக்கும்போது மேலேயிருந்து இப்படித்தான் தெரிந்திருக்கும்.

சிவகாமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மூடியைப் போட்டாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, நல்ல முகமாகத்தான் இருந்தாள்.

"ஆட்ட விக்கிலீங்க்கா," என்றாள். "இருக்கறபடி இருந்துக்கறோம். நீங்க பாத்து நில்லுங்க, உழுந்துருவீங்க."

நாற்பது வருஷத்தில் அக்காவை அவள் நீங்க என்று சொன்னதில்லை. சொன்னது அவளுக்கே தெரியாது போலிருந்தது, முந்தானையைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மாகாளி தன் குழிக்குள்ளிருந்து செருப்பைப் பார்த்து, கல்லாங்காட்டு அம்மிணி போகிறதா என்று விசாரித்தார். தெய்வானை ஒட்டிய சர்க்கரையோடு கையை மடக்காமல் வாசலிலேயே முட்டி போட்டு இருந்தாள். குழந்தைவேலு கரித்துண்டோடு செம்மண் சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்த வாரம் நாம் ஏறியிருக்கிறோமா இறங்கியிருக்கிறோமா தெரியவில்லையே என்றார். வீடு அடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, அவள் கண்ணெதிரே வாசலுக்கும் படிக்கும் நடுவே இடைவெளி அரை விரலாகி, ஒரு விரலாகி, மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.